வைட் லென்ஸ் கையில் இருக்கிறது, பாடி எது வாங்கலாம்? குறைந்த செலவில் ஒரு ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிற பிள்ளைகள் சிலரின் பையில் இப்போது சின்னச் சின்ன மேனுவல் லென்ஸ்கள் கிடக்கின்றன. ஃபோக்ட்லெண்டர் 15, 21, ரஷ்யாவின் 35 (எல்லாம் மி.மீ.-ல் குவியத் தூரம், எண் குறையக் குறையக் காட்சி அகலும்) என்று மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டுவதற்காக வாங்கியவை. மாட்டிப் பார்த்தால் படத்தின் நடுவில் குறையே இருக்காது. மூலைகள் மட்டும் குழைந்து, ஓரங்களில் ஒரு கத்தரிப்பூ நிறம் ஏறிவிடும். உடனே லென்ஸைப் பழி சொல்லி ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

அந்த லென்ஸ்கள் ஃபிலிமுக்காகப் பிறந்தவை. எஸ்.எல்.ஆர். கேமராவில், லென்ஸின் காட்சியைக் கண்ணுக்குக் காட்ட உள்ளே ஒரு கண்ணாடி (மிரர்) எழும்பி விழும். அது இல்லாத ஃபிலிம் கேமராவில் இவை ஃபிலிமை ஒட்டி உட்காருவதால், ஓரத்துக்குப் போகும் ஒளி ரொம்பவும் சாய்வாகப் போய் விழுகிறது. சென்சாரின் மேல் இருக்கும் கண்ணாடித் தகடு அந்தச் சாய்வைத் தாங்காது. ஃபிலிம் தாங்கும். ஆகவே இந்த லென்ஸ்களை விற்பதற்கு முன்னால் ஒரு ஃபிலிம் பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) பற்றி யோசித்துப் பாருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

வாங்க வேண்டியது ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து, இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்துத் தூரம் அளக்கும் கேமரா. தூரம் அளக்கும் அந்தப் பகுதிக்கும் அதே பெயர்தான். அதற்கு ஜெர்மனியின் லைக்கா வேண்டாம். விலை உயர்ந்த ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு, தூரத்தைத் துல்லியமாக அளக்கும் பகுதிக்குப் போகிறது. 50, 90 லென்ஸ்காரர்களுக்கு அது வேண்டும். வைட் லென்ஸ்காரருக்கு வேண்டியது ஒழுங்காக ஓடும் ஷட்டரும், எடுக்கப்போகும் காட்சியின் எல்லையைச் சரியாகக் காட்டும் வியூஃபைண்டரும்தான். இந்த இரண்டையும் மனதில் வைத்தே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

படி 1: லென்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள்

பின்மூடியைக் கழற்றினால் மரை தெரிகிறதா, நாலு காதுகள் தெரிகிறதா? 39 மி.மீ. மரை என்றால் பழைய லைக்கா திருகு மவுண்ட். நாலு காதும் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் இருந்தால், 1954-ல் எம் 3 கேமராவோடு வந்த லைக்கா எம் மவுண்ட்.

திருகு லென்ஸ் ஃபிலிமில் இருந்து 28.8 மி.மீ. தள்ளி உட்காரும், எம் லென்ஸ் 27.8 மி.மீ. தள்ளி உட்காரும். வித்தியாசம் சரியாக ஒரு மில்லிமீட்டர். அதனால் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வளையத்தைப் போட்டால் திருகு லென்ஸ் எம் பாடியில் ஏறிவிடும். எம் லென்ஸ் திருகு பாடியில் எந்த வகையிலும் ஏறாது. உங்களிடம் இருப்பதெல்லாம் திருகு லென்ஸ் என்றால் சந்தோஷப்படுங்கள், மலிவான பாடிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

இதில் ஒரு பொறி உண்டு. பழைய ஜெனித் எஸ்.எல்.ஆர். லென்ஸ்களிலும் இதே 39 மி.மீ. மரை இருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டர் பாடியில் அழகாகத் திருகி ஏறும், ஆனால் எதுவும் ஃபோகஸ் ஆகாது, ஏனென்றால் அது 45 மி.மீ. தள்ளி உட்கார வேண்டிய லென்ஸ்.

அடுத்து, லென்ஸின் பின்பக்க உள்வளையத்தின் மேல் விரல்நுனியை லேசாக வைத்துக்கொண்டு ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். உள்வளையம் விரலைத் தள்ளிக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்தால், அது கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரோடு பேசும் லென்ஸ். அப்படி நகரும் வளையமே இல்லையென்றால் தூரத்தை நாம்தான் கணக்குப் பண்ணி வைக்க வேண்டும். ஃபோக்ட்லெண்டரின் முதல் 15 மி.மீ., அதன் 25 மி.மீ. எஃப் 4 திருகு லென்ஸ், ரஷ்யாவின் 20 மி.மீ. ருஸ்ஸார் மூன்றும் இந்த வகை. இவை மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். எந்தப் பாடி என்று கீழே சொல்கிறேன்.

பின்கண்ணாடி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் பாருங்கள். ரஷ்ய 35 ஆன ஜூபிடர் 12-ன் பின்கண்ணாடி ஷட்டரைத் தொட்டுவிடுவதுபோல உள்ளே போகும். ஸோர்கியிலும் ஃபெட்டிலும் சிக்கல் இல்லை (இந்தப் பாடிகளைப் பற்றிப் படி 4-ல் சொல்கிறேன்). பெஸ்ஸா ஆர் பாடியில் இடிக்கும். சந்தேகம் இருந்தால் லென்ஸை மிக அருகிலான தூரத்தில் வைத்து மாட்டி, பைய முடிவிலிப் பக்கம் திருப்புங்கள். எங்காவது தடுத்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

படி 2: உங்கள் லென்ஸுக்கு எவ்வளவு ஃபோகஸ் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

குவியத் தூரத்தை அதாலேயே பெருக்குங்கள். அப்பர்ச்சர் எண்ணை (லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் எஃப் எண்) 0.03-ஆல் (தெளிவு என்று ஏற்கும் மங்கலின் அளவு, மி.மீ.-ல்) பெருக்கி, வந்ததைக் கொண்டு வகுங்கள். 28 மி.மீ. லென்ஸ், எஃப் 8 என்றால் 784-ஐ 0.24-ஆல் வகுக்க, சுமார் 3,270 மி.மீ. வரும். அதாவது லென்ஸை 3.3 மீட்டரில் வைத்தால், அதில் பாதியான 1.65 மீட்டரில் இருந்து அடிவானம் வரை எல்லாமே போதுமான தெளிவில் வரும். இதே எஃப் 8-ல் 21 மி.மீ. லென்ஸை 1.9 மீட்டரில் வைத்தால் ஒரு மீட்டருக்குள் இருந்தே தெளிவு தொடங்கிவிடும். 15 மி.மீ. லென்ஸுக்கு ஒரு மீட்டர் வைத்தால் அரை மீட்டரில் இருந்து.

குளச்சல் கடப்புறத்தில் கரமடி (கரைவலை) இழுக்கிற இடத்தில் நின்று பார்த்தால் இந்தக் கணக்கின் அருமை தெரியும். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்தபடியே பின்னால் நகர்ந்து வருவார்கள், கால் மணலில் புதையும், நம் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வியூஃபைண்டருக்குள் இரண்டு பிம்பத்தைச் சேர்த்துக்கொண்டிருக்க முடியாது. 28-ஐ 3.3 மீட்டரில் வைத்துவிட்டு அந்த வளையத்தை மறந்துவிடலாம். இரண்டு எட்டு தூரத்தில் ஒருவரின் முறுக்கேறிய கை, அவருக்குப் பின்னால் வரிசையாக முகங்கள், அதற்கும் பின்னால் கரையேறிய வள்ளங்கள், எல்லாம் ஒரே படத்தில் தெளிவாக நிற்கும்.

பத்மநாபபுரம் அரண்மனையின் உள்ளறைகள் வேறு மாதிரி. மரக்கூரை தாழ்ந்திருக்கும், சன்னல் அழி வழியாக வருவதுதான் வெளிச்சம். அங்கே 35-ஐ எஃப் 2.8-க்குத் திறந்து இரண்டு மீட்டரில் இருக்கும் ஒருவரை எடுத்தால், ஒன்றே முக்கால் மீட்டரில் இருந்து 2.3 மீட்டர் வரைதான் தெளிவு. இதற்கு ரேஞ்ச்ஃபைண்டர் வேண்டும். ஆனால் இந்த அளவுக்கு ஒரு ஸோர்கியின் ரேஞ்ச்ஃபைண்டரே தாராளம். கண்ணாடி எழும்பி விழும் அதிர்வு இல்லாததால் 21 மி.மீ. லென்ஸோடு 1/15 நொடிகூடக் கையில் பிடித்தே எடுக்கலாம்.

படி 3: காட்சியின் எல்லையை எது காட்டப்போகிறது?

எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாகவே பார்ப்போம். ரேஞ்ச்ஃபைண்டரில் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம், அதற்குள் இருக்கும் கோடுகள்தான் எல்லை. பெரும்பாலான மலிவு பாடிகளில் 35-க்குக் கீழே கோடு கிடையாது. ஸோர்கியில் 35-க்கும் கிடையாது, 50 மட்டும்தான்.

இதற்குத் தீர்வு, கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் செருகும் தனி வியூஃபைண்டர். 15-க்கும் 21-க்கும் எத்தனை லட்சம் கொடுத்து லைக்கா வாங்கினாலும் இதைத்தான் மாட்ட வேண்டும். ஃபோக்ட்லெண்டர் 15-ஐ வாங்கியபோது அதோடு ஒரு குட்டி வியூஃபைண்டர் வந்திருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். 28-க்கும் 35-க்கும், ரஷ்யாவில் செய்த சுழல்தலை வியூஃபைண்டர் ஒன்று உண்டு, 28, 35, 50, 85, 135 ஐந்தையும் காட்டும். உருவம் முரடு, ஆனால் காட்சி பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும்.

படி 4: பாடி

*ரேஞ்ச்ஃபைண்டரே வேண்டாம் என்பவர்களுக்கு:* பெஸ்ஸா எல். ஜப்பானின் கோசினா நிறுவனம் 1999-ல் 15 மி.மீ. லென்ஸோடு இதைக் கொண்டுவந்தது. வியூஃபைண்டரும் இல்லை, ரேஞ்ச்ஃபைண்டரும் இல்லை. திருகு மவுண்ட், 1/2000 வரை உலோக ஷட்டர், லென்ஸ் வழியே வெளிச்சம் அளக்கும் மீட்டர், அவ்வளவுதான். 15, 21, 25 மட்டும் வைத்திருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான். கேமராவின் தலையில் செருக ஒரு தனி வியூஃபைண்டர் இருந்தால் போதும்.

*எல்லாவற்றிலும் மலிவு:* ஸோர்கி 4, ஃபெட் 2. இரண்டும் சோவியத் காலத்துத் திருகு பாடிகள். மீட்டர் இல்லை, பேட்டரியும் இல்லை. பின்பக்கம் முழுவதும் கழன்று வருவதால் ரோல் மாட்டுவது எளிது. அவற்றின் ஆரம்ப மாடல்களில் ஃபிலிம் முனையை நீளமாக வெட்டி அடிவழியாகச் செருக வேண்டும், புதியவர்கள் அவற்றைத் தவிர்க்கலாம். ஸோர்கி 4 ஒரு நொடி முதல் 1/1000 வரை போகும், ஃபெட் 2-ல் 1/25 முதல் 1/500 வரைதான். ஒரு கட்டாய விதி: முதலில் ஷட்டரை ஏற்றிவிட்டுத்தான் வேகத்தை மாற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே பல்சக்கரம் கெட்டுப்போகும்.

*கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால்:* கேனான் பி அல்லது பெஸ்ஸா ஆர். கேனான் பி 1959-ஐ ஒட்டி வந்தது, கனத்த உலோகப் பாடி, எஃகுத் திரை ஷட்டர், 35-க்குக் கோடு உண்டு. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு அந்த 35 கோட்டின் நாலு ஓரத்தையும் ஒருசேரப் பார்ப்பது சிரமம். பெஸ்ஸா ஆர் 2000-ல் வந்தது. மேல்பகுதி பிளாஸ்டிக்தான், ஆனால் வியூஃபைண்டர் பளிச்சென்று இருக்கும், மீட்டர் உண்டு, பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். முதன்முதலாக ஃபிலிமுக்கு வருகிறவருக்கு 35 மி.மீ. லென்ஸ் இருந்தால் (ஜூபிடர் 12 தவிர) என் தேர்வு பெஸ்ஸா ஆர்.

*எம் மவுண்ட் லென்ஸ் இருந்தால்* செலவு ஏறும். பெஸ்ஸா டி-யில் ரேஞ்ச்ஃபைண்டர் உண்டு, வியூஃபைண்டர் இல்லை. எப்படியும் தனி வியூஃபைண்டர் போடப்போகிறவருக்கு அது நல்ல பொருத்தம். 28-க்குப் பாடியிலேயே கோடு வேண்டும் என்றால் மினோல்டா சி.எல்.இ., கோனிகா ஹெக்ஸார் ஆர்.எஃப்., ஸைஸ் ஐகான் ஆகியவை. மூன்றும் பேட்டரி இல்லாமல் ஓடாது, மின்சுற்று போனால் பழுதுபார்ப்பது பெரும்பாடு. 21, 25, 28 மூன்றுக்கும் கோடு உள்ள பெஸ்ஸா ஆர் 4 அருமையான கேமரா. ஆனால் அதன் விலை இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று லைக்கா சி.எல். வாங்க நினைத்தால் பின்கண்ணாடி நீண்ட லென்ஸ்களை அதில் மாட்டாதீர்கள். உள்ளே மீட்டரைத் தாங்கும் ஒரு கை மேலும் கீழும் ஆடும், அதில் இடிக்கும்.

வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் கூரியரும் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வளைகுடாவில் இருந்து லீவுக்கு வரும் மாமாவோ அத்தானோ இருந்தால், எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 5: காசு கொடுக்கும் முன் சோதனை

இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்தைத் திறந்து, முன்னால் இருந்து மொபைல் டார்ச்சை அடியுங்கள். ஷட்டர் திரையில் நட்சத்திரம் மாதிரி புள்ளி தெரிந்தால் ஓட்டை. ஷட்டரில் இரண்டு திரைகள் இருப்பதால், ஏற்றிய நிலையில் ஒருமுறையும் இறக்கிய நிலையில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். பிறகு வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி மிக அதிக வேகத்தில் தட்டுங்கள். படச்சட்டம் முழுக்க ஒரு மின்னல் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாக நின்றால் திரைகள் சரியாக ஓடவில்லை.

ரேஞ்ச்ஃபைண்டரைச் சோதிக்க, லென்ஸை முடிவிலியில் வைத்துத் தூரத்தில் உள்ள ஒன்றைப் பாருங்கள், இரண்டு பிம்பமும் ஒன்றாகச் சேர வேண்டும். நம் ஊரில் உடனே கடலைப் பார்க்கத் தோன்றும். அடிவானக் கோடு இதற்கு உதவாது, ஏனென்றால் பிம்பங்கள் இடவலமாகத்தான் நகரும், படுத்த கோட்டில் அந்த நகர்வு தெரியாது. நிமிர்ந்த கோடு வேண்டும். கன்னியாகுமரிக் கரையில் நின்றால் திருவள்ளுவர் சிலையின் விளிம்பு, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைத் தூண், முட்டத்தில் கலங்கரை விளக்கம். கொஞ்சம் விலகியிருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒரு திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம்.

படி 6: வாங்கியபின்

ஸோர்கி, ஃபெட், லைக்கா எல்லாவற்றிலும் துணித் திரை. முன்னால் தடுக்கக் கண்ணாடி இல்லாததால், லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தால் திரை பொசுங்கி ஓட்டை விழும். கழுத்தில் தொங்கும்போது கேமரா வானத்தைப் பார்க்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், எடுக்காத நேரத்தில் மூடியைப் போடுங்கள். மூடியோடு எடுத்தாலும் வியூஃபைண்டரில் காட்சி தெரிந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே கேமராவைத் தூக்கும்போதே மூடியைக் கழற்றும் பழக்கம் வர வேண்டும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது, கூடவே உப்புக்காற்று. தோல் உறையில் பூட்டி வைத்தால் பூஞ்சை நிச்சயம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

மீட்டர் இல்லாத பாடியில் முதல் ரோல் ஐ.எஸ்.ஓ. 400 போட்டால், நல்ல வெயிலில் எஃப் 16, 1/500. மேகம் மூடினால் எஃப் 8. கழுவி வந்ததும் நெகட்டிவைச் சன்னலுக்கு நேராகப் பிடித்து, படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சமமாக இருக்கிறதா பாருங்கள். அடுத்தடுத்த படங்களில் ஒரே இடத்தில் ஒரு கருப்புப் புள்ளி தொடர்ந்து வந்தால், திரையில் நீங்கள் கவனிக்காத ஓர் ஊசித்துளை இருக்கிறது என்று அர்த்தம். துணித் திரை என்றால் துணிக்கான கருப்புப் பெயின்டை மெல்லிய தூரிகையால் அந்த இடத்தில் தொட்டு, நன்றாக உலரவிட்டு, மறுபடியும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த ரோலை மாட்டுங்கள்.