அட்டாலில கெடக்குற பழைய துப்பாக்கி பிரெஞ்சுதா, எந்தக் காலத்துது? பாக்குற வழி

ஏனுங்க, பழைய வீட்டு அட்டாலில நீளமா ஒரு துப்பாக்கி கெடச்சா போதும், அது தீரன் சின்னமலை படையில இருந்ததுன்னு நம்மூர்ல கதை கெளம்பிரும். இருக்கலாம், திப்பு படையில பிரெஞ்சுக்காரங்களும் இருந்தாங்க, கோயமுத்தூரு பக்கம் 1799 வரைக்கும் மைசூர் கையிலதான். ஆனா கதைய ஓரமா வெச்சுட்டு இரும்பைப் பாருங்க.

மொதல்ல உள்ள மருந்து இருக்கான்னு பாக்கோணும், கருமருந்து நூறு வருசம் கழிச்சும் வெடிக்கும். வாய்க்கு நேரா நிக்காம ஒரு மரக்குச்சிய குழலுக்குள்ள மெதுவா விட்டு, வாய்கிட்ட அடையாளம் போட்டு, வெளிய எடுத்து குழல் மேலயே வெச்சுப் பாருங்க, பத்தவெக்கிற ஓட்டை வரைக்கும் குச்சி எட்டலைன்னா உள்ள என்னமோ அடைஞ்சு கெடக்குது, அதுக்கு மேல தொடாதீங்க, போலீசுக்குச் சொல்லீருங்க.

அடுத்தது குழல் கட்டையோட எப்படி நிக்குதுன்னு பாருங்க. 1728 மாடல்ல இருந்து பிரெஞ்சு ராணுவத் துப்பாக்கில மூணு பூண் போட்டுப் புடிச்சிருக்கும். இங்கிலீஷ்காரனோட பிரவுன் பெஸ்ல பூண் கெடையாது, குறுக்கால ஆணிதான். வாய் அகலம் பிரெஞ்சுக்கு சுமாரா 17.5 மி.மீ., பிரவுன் பெஸ்ஸுக்கு 19 கிட்ட, துரு தின்னுருந்தா கொஞ்சம் கூடக் காட்டும். பூணைப் பாத்ததும் துள்ளாதீங்க, பிரெஞ்சு மாடலைக் காப்பி அடிச்சவங்க நெறைய.

காலத்துக்கு நான் நம்புறது மருந்துக் கிண்ணியத்தான், பத்தவெக்கிற ஓட்டைக்குப் பக்கத்துல கொஞ்சம் மருந்து போடற சின்னக் கிண்ணி அது. 1763, 1766 மாடல்ல அது இரும்பு, 1777ல பித்தளை, முன்பக்கமா சாஞ்சாப்ல இருக்கும். அந்த 1777ல கட்டைக்கு இடது பக்கம் கன்னம் வெக்கக் குழிச்சிருப்பாங்க, விசையைச் (ட்ரிக்கர்) சுத்தி இருக்கிற காப்புல வெரலு புடிக்க ரெண்டு மேடு.

எழுத்து கடைசியாத்தான், ஏன்னா அதை யாரு வேணா வெட்டலாம், லாக்கை, அதாவது பக்கவாட்டுல மருந்தைப் பத்தவெக்கிற பொறிய, மட்டும் மாத்திப் போட்டதும் உண்டு. அந்த லாக்கோட தகட்டுல சார்ல்வில், செயின்ட் எத்தியேன், மோபேஜ் மாதிரி தொழிற்சாலை பேரு இருக்கும். கூட இம்பீரியல்னு இருந்தா நெப்போலியன் சக்கரவர்த்தி ஆன 1804க்கு அப்பறம். குழலோட பின்பக்க வாலுல இருக்கிறது மாடல் வருசம், செஞ்ச வருசம் வேற, 1777 மாடலைப் பல வருசம் செஞ்சாங்க. 1822ன்னு இருந்துச்சுன்னா, சின்னமலைய சங்ககிரில தூக்குல போட்டது 1805, கணக்க நீங்களே போட்டுக்கங்க. சிக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலா கேப்பு (தட்டுனா வெடிக்கிற மருந்து வெச்ச சின்ன மூடி) அடிக்கிற சுத்தி இருந்தா 1840 வாக்குலயோ அதுக்குப் பொறவோ மாத்துனது.

குத்துவெளக்கு மாதிரி புளி போட்டுத் தேச்சுராதீங்க, முத்திரையெல்லாம் போயிரும், துணில எண்ணெய் தொட்டுத் தொடச்சாப் போதும். விக்கறதுக்கோ வண்டில தூக்கிப் போட்டுக் காட்டப் போறதுக்கோ முந்தி லைசென்ஸ் வேணுமான்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுக்கங்க, வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்குத் தொல்பொருள் சட்டம் வேற குறுக்க வருமுங்க.