வானியல் மாநாடு நடத்தக் கிளம்பும் நண்பர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முதலில் ஒரு மாநாடு போட்டுவிடுவோம் சார், அப்புறம் எல்லாம் தானாக நடக்கும்." புதிதாக வானியல் மன்றம் தொடங்கும் இளைஞர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். கல்லூரி அரங்கு கிடைத்துவிட்டது, பெங்களூரிலிருந்து ஒரு விஞ்ஞானி வர ஒப்புக்கொண்டார், போஸ்டர் அச்சுக்குப் போய்விட்டது என்று உற்சாகமாகச் சொல்வார்கள். எங்கள் குழு தொடங்கிய காலத்தில் இருந்த அதே உற்சாகம், அதே திட்டம், கிட்டத்தட்ட அதே அழைப்பிதழ். அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்தவர்கள் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

மைக் வேலை செய்கிறதா, புரொஜெக்டர் இருக்கிறதா, சாப்பாடு போதுமா என்பதெல்லாம் எந்த நிகழ்ச்சிக்கும் பொதுவானவை. அவற்றை விட்டுவிடுகிறேன். நாகர்கோவிலில் ஒருவர், ஓசூரில் இருவர், தேனியில் ஒரு பள்ளி ஆசிரியர் என்று தனித்தனியாக வானம் பார்த்துக்கொண்டிருப்பவர்களை ஒரு சமூகமாகச் சேர்க்கும்போது வரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

மழையும் நிலவும் பார்க்காமல் தேதி குறிப்பது

கல்லூரி நாட்காட்டியில் காலியாக இருக்கும் வாரத்தைப் பிடித்துத் தேதி வைக்கிறார்கள். அது பெரும்பாலும் ஆகஸ்டிலோ அக்டோபரிலோ வந்து விழும். முதலாவது மேகமூட்டம், இரண்டாவது வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டில் இரவு வானத்தை நம்பி ஆள் கூட்ட ஏற்ற காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அந்த மாதங்களின் அமாவாசையை ஒட்டிய சனி, ஞாயிறுகளை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு அரங்கு கேளுங்கள்.

முதல் வருடமே பெரிய தொலைநோக்கி வாங்குவது

வேண்டாம். அந்தப் பணத்தில் பைனாகுலர்கள் வாங்கி ஊருக்கு ஒன்றாகக் கொடுங்கள்.

சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இல்லாமல் மாநாட்டைக் கூட்டுவது

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

வழக்கமான நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. முதல்வர் பேசுவார், துறைத்தலைவர் பேசுவார். பதினொன்றரை மணிக்குத்தான் சிறப்பு விருந்தினர் கையில் மைக் வரும். கருந்துளை பற்றியோ ஈர்ப்பலை பற்றியோ நன்றாகத்தான் பேசுவார். பிற்பகலில் இன்னும் இரண்டு உரை, சான்றிதழ், குரூப் போட்டோ. கடைசிப் பேருந்துக்குப் பாதிப் பேர் கிளம்பிய பிறகு வான்நோக்கல். மறுநாள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கும். இரண்டு வாரத்தில் அது காலை வணக்கப் படங்களால் நிறைந்துவிடும். சேர்த்த நன்கொடை, கேட்டு வாங்கிய உதவிகள், மாணவர்களின் உழைப்பு எல்லாம் அந்த ஒரு நாளோடு தீர்ந்துவிடும். அடுத்த வருடம் கேட்டால் கொடுப்பவர்களும் கை விரிப்பார்கள்.

2020 பிப்ரவரி கடைசியில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் குளிர்காலத்தில்தான் திருவாதிரை விண்மீன் மங்கியது. வழக்கமாக 0.5 மேக்னிட்யூடை (விண்மீனின் ஒளி அளவு, எண் கூடக்கூட மங்கல்) ஒட்டி இருக்கும் அது, பிப்ரவரியில் 1.6 வரை மங்கிப் பக்கத்திலிருக்கும் பெல்லாட்ரிக்ஸ் என்ற விண்மீன் அளவுக்கு வந்துவிட்டது. உலகம் முழுக்க வானியலாளர்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மாணவன் கையில் நோட்டு வைத்திருந்தான். டிசம்பரிலிருந்து மொட்டைமாடியில் நின்று வெறும் கண்ணால் திருவாதிரையை ரோகிணி விண்மீனோடும் பெல்லாட்ரிக்ஸோடும் ஒப்பிட்டுத் தேதி வாரியாகக் குறித்திருந்தான். கிராஃப் தாளில் வளைவும் வரைந்திருந்தான். அந்த அரங்கில் அன்று இருந்த அசல் வானியல் அந்த நோட்டுதான்.

அவனுக்கு நாலு மணிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். சிறப்பு விருந்தினரின் உரை நீண்டதால் அந்த ஐந்து நிமிடத்தையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து மணிப் பேருந்தில் அவன் போய்விட்டான். பல மாதம் கழித்து ஒரு பள்ளி ஆசிரியை தானும் அதே வாரங்களில் அதே விண்மீனைக் குறித்துவந்ததாகச் சொன்னார். அவரும் அன்று அதே அரங்கில் மூன்றாவது வரிசையில் இருந்திருக்கிறார்! இரண்டு ஊர், இரண்டு நோட்டு, ஒரே விண்மீன். ஒருவரையொருவர் தெரியாமலே வீட்டுக்குப் போனார்கள். மாநாடு என்று ஒன்றைக் கூட்டுவதே இந்த இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத்தான். அதைத் தவிர மற்ற எல்லாம் அன்று நடந்தது.

வானியலில் சில வேலைகளை எவ்வளவு பெரிய ஆளாலும் தனியாகச் செய்ய முடியாது. அதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போவது முன்பே தெரிந்திருந்தது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர்கள் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனைக் கவனித்தார்கள். இடையில் விண்மீனின் ஒளி சட்டென்று குறைந்து மீண்டது. அந்த ஒரு பதிவை மட்டும் வைத்துப் பார்த்தால், யுரேனஸைச் சுற்றும் புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே வந்ததாகத்தான் நினைக்கத் தோன்றும். அவர்களும் அப்படித்தான் வெளியிட்டார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்துகொண்டிருந்த, தொலைநோக்கி ஏற்றிய நாசா விமானமான குய்ப்பர் ஆய்வகத்தின் பதிவில், கோள் விண்மீனை மறைப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கத்திலும் ஒத்துப்போகும் வரிசையில் ஒளி குறைந்திருந்தது. எல்லா இடத்துப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெளிவானது. காவலூர்ப் பதிவின் உண்மையான பொருளும் அப்போதுதான் விளங்கியது.

மாவட்ட அளவில் நாம் செய்வது இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அமைப்பு இப்படித்தான் இருக்க வேண்டும்: ஒவ்வொரு ஊரிடமும் மற்ற ஊர்களுக்குத் தேவையான ஒரு துண்டு இருக்க வேண்டும்.

எளிதாகத் தொடங்க நிழல் போதும். பொங்கலையொட்டி ஒரு நாள், சென்னையிலும் கன்னியாகுமரியிலும் 1 மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நண்பகலின் மிகக் குறுகிய நிழலை அளக்கச் சொல்லுங்கள். சென்னையில் சுமார் 68 செ.மீ., கன்னியாகுமரியில் சுமார் 56 செ.மீ. வரும். சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு நிழலிலிருந்தும் கணக்கிட்டுக் கழித்தால் 5 டிகிரி. இரண்டு ஊருக்கும் இடையே வடக்கு-தெற்காகத் தூரம் ஏறத்தாழ 555 கி.மீ. 5 டிகிரிக்கு 555 என்றால் 360 டிகிரிக்கு ஏறத்தாழ 40,000 கி.மீ. பூமியின் சுற்றளவு கையில் வந்துவிடும். ஒரு பள்ளி தனியாக இதைச் செய்யவே முடியாது.

இதில் தவறு நடக்கும் இடங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை, ஏனென்றால் அங்கேதான் ஊர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன. சாலைத் தூரத்தைப் போட்டுவிடுவார்கள். அல்லது கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் அளந்துவிடுவார்கள். பொங்கல் சமயத்தில் உண்மையான நண்பகல் சென்னையில் 12:18 வாக்கிலும் கன்னியாகுமரியில் 12:29 வாக்கிலும் வரும். இரண்டு ஊரிலும் சரியாகப் பன்னிரண்டுக்கு அளந்தால் விடை 45,000 கி.மீ. பக்கம் போய்விடும். ஒரு முறை இப்படி வந்தபோது இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் போனில் சண்டை போட்டுக்கொண்டார்கள். "உங்கள் குச்சி சாய்ந்திருக்கிறது" என்று இவர்கள், "உங்கள் தரை மேடு" என்று அவர்கள். கடைசியில் காரணம் தெரிந்ததும் அடுத்த நாளே மறுபடி அளந்தார்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்து. எந்த உரையிலும் வராத புரிதல் அந்தச் சண்டையில் வந்தது.

கொஞ்சம் பழகியவர்களுக்கு மாறொளி விண்மீன்கள், அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீன்கள். இதில் நமக்குப் பழைய உறவு உண்டு: 1867-இல் மதராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். இன்று திருவாதிரைக்குக் கருவியே தேவையில்லை. விதிகளை மட்டும் எல்லா ஊரும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பிடும் விண்மீன்கள் எவை என்று முன்பே முடிவுசெய்யுங்கள். திருவாதிரை போன்ற சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிரகாசமாகத் தோன்றும், அதனால் சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்கச் சொல்லுங்கள். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது மதிப்பிட வேண்டாம், காற்று மண்டலம் ஒளியைத் தின்றுவிடும். நேற்று எழுதியதை இன்று பார்க்காமல் எழுத வேண்டும், பக்கத்து ஊர்க்காரர் எழுதியதை மாத முடிவு வரை கேட்கக்கூடாது.

இப்படி மூன்று நான்கு மாதம் ஓடட்டும். பிறகு மாநாட்டைக் கூட்டுங்கள். அப்போது வருகிறவர்கள் கையில் நோட்டோடு வருவார்கள். ஏன் உங்களுக்கு 0.8, எங்களுக்கு 1.2 என்று கேட்க ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி இருக்கும். காலை முழுவதையும் இந்தப் பதிவுகளுக்குக் கொடுங்கள். விருந்தினர் உரை மதியத்துக்குப் பிறகு, ஒன்றே ஒன்று.

விஞ்ஞானியைச் சிறப்பு விருந்தினராக மட்டும் பார்ப்பது

கொடைக்கானலிலும் காவலூரிலும் பெங்களூரிலும் இருக்கும் வானியலாளர்களில் பலர் உதவத் தயாராகவே இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பதுதான் தவறாக இருக்கிறது. "வந்து ஏதாவது பேசுங்கள்" என்றால் ஏற்கெனவே பல இடத்தில் பேசியதையே பேசிவிட்டுப் போவார். "எங்களிடம் ஆறு ஊரின் நான்கு மாதப் பதிவு இருக்கிறது, இதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள். மறுநாளும் போன் எடுப்பார்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவது

அந்தத் தேனி ஆசிரியர் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பிப் போவார். அதைவிட வேறென்ன சொல்ல.

எல்லாம் ஒரே ஆளின் போனில் இருப்பது

அவருக்கு வேலை மாறும், கல்யாணம் ஆகும், ஊர் மாறும். பதிவுகளுக்கு ஒரு பொது இடம், மூன்று பேரிடம் கடவுச்சொல், முதல் நாளிலிருந்தே.

கிரகணம் வரும் மாதத்தில் விழித்துக்கொள்வது

2019 டிசம்பர் 26 காலையில் வளையச் சூரிய கிரகணம் ஊட்டி, கோவை, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போய் இலங்கையின் வடக்கைத் தொட்டது. அன்று மக்கள் கூட்டம் கூட்டமாக மைதானத்துக்கு வந்தார்கள், கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள், மிகவும் சந்தோஷம். ஆனால் பல குழுக்கள் நவம்பரில்தான் ஒன்றையொன்று தொடர்பு கொண்டன. கண்ணாடி வாங்கவே நேரம் சரியாக இருந்தது, அளவீடு பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த வாய்ப்பு 2031 மே 21. அன்றைய வளையக் கிரகணப் பாதை கேரளம், தென் தமிழ்நாடு, வட இலங்கை வழியாகப் போகிறது. பாதையின் நடுவில் நிற்க எல்லாரும் ஓடுவார்கள். வேலை இருப்பது இரண்டு விளிம்புகளிலும். விளிம்பில் நிற்பவர்களுக்கு நிலவின் மலைகளுக்கும் பள்ளங்களுக்கும் இடையே சூரிய ஒளி மணிமணியாக உடைந்து தெரியும். அந்த மணிகள் தோன்றி மறையும் நேரத்தை வடக்கு விளிம்பிலும் தெற்கு விளிம்பிலும் ஒரே சமயத்தில், சரியான சூரிய வடிகட்டி பொருத்திய கேமராவில், துல்லியமான நேரக் குறியோடு பதிவு செய்தால் சூரியனின் விட்டத்தைக் கணக்கிட உதவும். ஒரு ஊர்க் குழுவால் இரண்டு விளிம்பிலும் நிற்க முடியாது.

கேரளக் குழுக்களோடும் யாழ்ப்பாணத்து நண்பர்களோடும் இப்போதே பேசத் தொடங்குங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகார நேரம் ஒன்றே, அந்தக் குழப்பம் இல்லை. எந்தக் கேமரா, நேரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எப்படி எடுப்பது, பதிவை எந்த வடிவத்தில் சேமிப்பது என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நிலவு விண்மீன்களை மறைக்கும் நிகழ்வுகள் நடுவில் அடிக்கடி வரும். ஒத்திகைக்கு அவை போதும்.