அலைன் செய்யும்போது நடக்கும் தவறுகள்

திருப்பூரில் டிசைன் கற்க வரும் பிள்ளைகள், நான் பார்த்தவரை, முதலில் கை வைப்பது கோரல் ட்ரா என்ற வரைகலை மென்பொருளில். சிலர் இல்லஸ்ட்ரேட்டர். காசு கட்ட வேண்டாம் என்பதால் சிலர் இங்க்ஸ்கேப். எதில் தொடங்கினாலும் தவறுகள் மட்டும் மாறுவதில்லை. அதில் பாதி, ஒரே ஒரு விஷயம் தெரியாததால் வருகிறது. அலைன், அதாவது உருவங்களை ஒன்றுக்கொன்று நேராக நிறுத்தும் கட்டளை, கொடுத்தால் மென்பொருள் நீங்கள் வரைந்த உருவத்தைப் பார்ப்பதில்லை. உருவத்தைச் சுற்றி ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியின் ஓரத்தையும் நடுவையும்தான் பார்க்கிறது.

இது எனக்குப் புரிந்தது ஒரு கபடி பனியனில். 'கோவை', 'திருப்பூர்' என்று இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடி ஓரத்தை ஒன்றாக்கும் பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன். சாம்பிள் பீஸைக் கையில் எடுத்த பிரிண்டிங்காரர், “ஏனுங்க, கோவை கீழ எறங்கிப் போச்சுங்களே” என்றார். 'பூ'வின் வால் கீழே தொங்குகிறது. கோவையில் அப்படி எதுவும் இல்லை. மென்பொருள் அந்த வால் நுனிக்குச் சமமாகக் கோவையை இறக்கிவிட்டது. தமிழ் எழுத்தில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே வாலும் வரும். அதனால் சொற்களை ஓரம் பார்த்து அலைன் செய்யவே கூடாது. எழுத்துகள் உட்காரும் கோட்டில் ஒரு கைட்லைன் (வழிகாட்டிக் கோடு) இழுத்து, அதன்மேல் உட்கார வையுங்கள். இங்க்ஸ்கேப்பில் எழுத்துகளை அந்த உட்காரும் கோட்டில் சேர்க்கவே தனிப் பொத்தான் இருக்கிறது.

முக்கோணமும் இப்படித்தான் ஏமாற்றும். வட்டத்துக்குள் முக்கோணமாக ஒரு மலை வைத்து லோகோ செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மலையின் உயரம் 6 செ.மீ. என்றால் பெட்டியின் நடு அடியிலிருந்து 3 செ.மீ.-இல் இருக்கும், முக்கோணத்தின் கனம் குவியும் இடமோ 2 செ.மீ.-இல். நடுவில் வைத்த பிறகும் மலை கீழே சரிந்த மாதிரியே தெரியும். கண்ணுக்குச் சரியாகப்படும்வரை மேலே தள்ளுங்கள். அங்கே எண்ணைவிடக் கண்ணை நம்பலாம்.

அடுத்தது இடைவெளி. பவானி ஜமக்காளத்தின் பட்டைகளை வரைந்து பழகுங்கள், நல்ல பயிற்சி. ஒரு பட்டை அகலம், ஒன்று ஒல்லி. உருவங்களைச் சமமாகப் பரப்பும் டிஸ்ட்ரிபியூட்டில் நடுப்புள்ளிகளைச் சமமாக்கினால் அகலப் பட்டைகள் நெருங்கும், ஒல்லிப் பட்டைகள் விலகும். உங்களுக்கு வேண்டியது பட்டைக்கும் பட்டைக்கும் நடுவிலான இடைவெளி சமமாவது. அதற்கென்று உள்ள பொத்தான் வேறு. இரண்டும் பக்கத்திலேயே இருப்பதால் பலரும் தவறானதை அழுத்திவிட்டு, அப்புறம் கையால் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வரைந்து வைத்த மயிலைப் பக்கத்தின் நடுவுக்குக் கொண்டுவர, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நடுவில் அலைன் செய்தால் கண், கொண்டை, தோகை எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். முதலில் கன்ட்ரோல் ஜி போட்டு குரூப் செய்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிடுங்கள். எந்த உருவம் நிற்கும், எது நகரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோரலில் ஷிஃப்ட் பிடித்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால் கடைசியாகத் தொட்டது நிற்கும், மற்றவை அதனிடம் வரும். இல்லஸ்ட்ரேட்டரில் எல்லாம் தேர்ந்தெடுத்த பிறகு, நிற்க வேண்டியதை இன்னொரு முறை கிளிக் செய்ய வேண்டும். இங்க்ஸ்கேப் அலைன் பலகையிலேயே எதை ஒட்டி என்று கேட்கிறது.

சரியான வட்டம் வேண்டுமென்றால் கோரலிலும் இங்க்ஸ்கேப்பிலும் கன்ட்ரோல், இல்லஸ்ட்ரேட்டரில் ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு இழுங்கள். கண் மதிப்பில் இழுத்த வட்டம் பெரிய பிரிண்டில் முட்டையாகத் தெரியும்.

கோட்டின் தடிமனை மறந்துவிடுகிறார்கள். 4 மி.மீ. கோடு போட்டால் 2 மி.மீ. உள்ளே, 2 மி.மீ. வெளியே நிற்கும். அந்த வெளிப்பகுதியை இங்க்ஸ்கேப் பெட்டிக்குள் சேர்த்துக்கொள்ளும். இல்லஸ்ட்ரேட்டர், நாம் அமைப்பை மாற்றாதவரை, சேர்க்காது. இதைவிடப் பெரிய நஷ்டம் அளவு மாற்றும்போது வருகிறது. மார்பில் 3 அங்குலம் வைத்த லோகோவை முதுகுக்கு 12 அங்குலமாக இழுக்கிறோம். உருவம் நாலு மடங்கு ஆகிறது. கோடு அதே 1 மி.மீ. என்றால் நூல் மாதிரி நிற்கும். உருவத்தோடு கோடும் வளரும்படி அமைப்பில் டிக் செய்யுங்கள். கம்பெனிக்கு ஃபைல் அனுப்பும் முன் கோட்டையே உருவமாக மாற்றிவிடுவது இன்னும் பத்திரம். கோரலில் அதற்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், கியூ.

பிறை நிலா வரைய, கறுப்பு வட்டத்தின்மேல் வெள்ளை வட்டத்தை வைத்து மறைக்கும் பழக்கத்தை மட்டும் உடனே விட்டுவிடுங்கள். திரையில் பிறைதான். ஆனால் வினைல் தாளை வெட்டி ஒட்டும் வேலைக்குப் போனால், வெட்டும் இயந்திரமான பிளாட்டரின் கத்திக்கு நிறம் தெரியாது. இரண்டு வட்டத்தையும் முழுதாக வெட்டிவிடும். டிரிம் கொடுத்து உண்மையிலேயே வெட்டி எடுங்கள். மேலே மேலே கிடக்கும் ஒரே நிற உருவங்களை வெல்ட் செய்து ஒன்றாக்குங்கள். அனுப்புமுன் கோரலில் வயர்ஃப்ரேம், இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஒய் போட்டால் நிறம் போய் கோடுகள் மட்டும் தெரியும். அங்கே தேவையில்லாமல் ஒரு கோடு ஓடினால் கத்தியும் அதன் வழியே ஓடும்.