டூவூம்பா மலர்த் திருவிழாவுக்கு முதல் தடவை போகிறீர்களா? இப்படிப் போங்கள்

தோட்ட நகரம் என்றதும் நம் ஆட்களுக்கு பெங்களூருதான் ஞாபகம் வரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்காரர்களிடம் கேட்டால் டூவூம்பா என்பார்கள். பிரிஸ்பேனிலிருந்து மேற்கே ஏறக்குறைய 125 கிலோமீட்டர், மலைத்தொடரின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். இங்கே 1950-ல் தொடங்கிய வசந்தகால மலர்த் திருவிழா இன்றும் நடக்கிறது. பிரிஸ்பேனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துவிட்டு எங்கே கூட்டிப்போவது என்று முழிப்பவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

முதல் தடவை நான் போனது படு சொதப்பல். திருவிழாவின் பூ ஊர்தி ஊர்வலம் நடக்கிற சனிக்கிழமை, பதினொரு மணிக்கு, அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு போய் இறங்கினேன். வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போனது. ஊர்வலத்தில் நாங்கள் பார்த்தது முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான்.

1. தேதியை முடிவு செய்யுங்கள்

இங்கே வசந்தம் என்பது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. பூமியின் தெற்குப் பாதி, எல்லாமே தலைகீழ். சமீப ஆண்டுகளில் திருவிழா செப்டம்பரை ஒட்டிப் பல வாரங்கள் நடக்கிறது, அதனால் அவசரப்பட வேண்டியதில்லை. கூட்டமெல்லாம் வார இறுதியில்தான் குவியும். பூக்கள் செவ்வாய்க்கிழமையும் அதே இடத்தில்தான் இருக்கும், ஒரு நாள் விடுப்பு போட முடிந்தால் போட்டுவிடுங்கள். ஊர்வலம் பார்த்தே தீர வேண்டும் என்றால் அதை ஒரு தனிப் பயணமாக வைத்துக்கொள்வது நல்லது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

2. போகிற வழி

பிரிஸ்பேன் புறநகர் ரயில் ரோஸ்வுட்டோடு நின்றுவிடும், டூவூம்பா வரை வராது. அதனால் கார், இல்லையென்றால் தொலைதூரப் பேருந்து. காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், பேருந்தில் இரண்டு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். கடைசியில் ஒரு செங்குத்தான மலையேற்றம் வரும். 2019-ல் திறந்த சுங்கக் கட்டணப் புறவழிச்சாலையும் உண்டு, அது முக்கியமாக மலையேறத் திணறும் லாரிகளை ஊருக்குள் விடாமல் சுற்றி அனுப்பப் போட்ட பாதை. நகர மையத்துக்குப் போகிற நமக்குப் பழைய மலைச்சாலையே போதும், கைபேசி வேறு வழி காட்டினாலும் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. எடுத்துப்போக வேண்டியவை

ஒரு ஸ்வெட்டர், கட்டாயம். பிரிஸ்பேனில் அரைக்கையோடு கிளம்பி மேலே போய் நடுங்குவது எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு. செப்டம்பர் காலையில் 10 டிகிரியை ஒட்டி இருக்கும், மலை விளிம்பில் காற்று வேறு. மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். அப்புறம் தொப்பி. வெயிலுக்கு மட்டுமில்லை, இது மேக்பை பறவை கூடு கட்டுகிற காலம். குஞ்சைக் காக்கிற ஆண் பறவை பின்னாலிருந்து சீறிக்கொண்டு வந்து தலையில் கொத்திவிடும். எச்சரிக்கைப் பலகை இருந்தால் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போங்கள், கையை வீசி விரட்டப் பார்க்காதீர்கள்.

சாப்பாடு? புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். ஏன் என்று 6-ல்.

4. எட்டு மணிக்குள் குயின்ஸ் பார்க்

நகர மையத்துக்குக் கிழக்கே இருக்கிற பெரிய பூங்கா. பாத்தி பாத்தியாகப் பாப்பி, பேன்சி, ஸ்னாப்டிராகன் என்று நிறம் நிறமாக நட்டிருப்பார்கள். பூங்காவைப் பார்க்க நுழைவுக் கட்டணம் இல்லை. திருவிழாவின்போது இங்கேயே நடக்கிற உணவு, ஒயின் விழாவுக்குத்தான் தனி டிக்கெட். வெயில் ஏறுவதற்குள் படம் எடுத்து முடியுங்கள், உச்சி வெயிலில் சிவப்புப் பூவெல்லாம் கைபேசியில் ஒரே திட்டாக விழும். பாத்திக்குள் கால் வைக்காதீர்கள்.

என் அம்மா இங்கே ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சொன்னது: "இவ்வளவு பூ இருக்கு, தலையில வைக்க ஒரு முழம் கிடையாது." அவர் சொன்னது வாஸ்தவம். வீட்டில் மல்லிகைச் சரம் இருந்தால் அம்மாவுக்கு வைத்துவிட்டே கூட்டிப்போங்கள்.

அடுத்து லாரல் பேங்க் பார்க். இது மையத்துக்கு மேற்கே, வண்டியில் சில நிமிடம்தான். அளவில் சிறியது, எனக்கு குயின்ஸ் பார்க்கை விடப் பிடித்தது. செடிகளை உருவங்களாக வெட்டி வைத்திருப்பார்கள், ஊதா விஸ்டீரியா கொத்துக் கொத்தாகத் தொங்கும் பந்தல் இருக்கிறது, பார்வையற்றவர்களையும் மனதில் வைத்து அமைத்த வாசனைத் தோட்டம் ஒன்றும் உண்டு. அங்கே கண்ணை மூடிக்கொண்டு இலையைக் கசக்கி மோந்து பாருங்கள்.

5. வீட்டுத் தோட்டங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

முதல் முறை வருகிறவர்கள் இரண்டு பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் திருவிழாவின் உயிரே இந்த ஊர்க்காரர்களின் வீட்டு முற்றத்தில்தான் இருக்கிறது. உள்ளூர் நாளிதழான க்ரானிக்கிளின் பெயரில் ஒரு தோட்டப் போட்டி பல பத்தாண்டுகளாக நடக்கிறது, அதில் கலந்துகொள்கிற வீடுகளில் பல திருவிழாச் சமயத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று திறந்து வைக்கப்படும். முகவரிப் பட்டியல் திருவிழாவின் இணையதளத்தில் கிடைக்கும். அதைப் பார்த்து ஒன்றுக்கொன்று பக்கத்தில் உள்ள மூன்று வீடுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திறக்கும் நேரத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். பத்து வீடு என்று திட்டம் போட்டால் ஐந்தாவது வீட்டில் பூவைப் பார்க்கிற ஆசையே போய்விடும்.

செப்டம்பரில் பூத்து நிற்கிற தோட்டத்துக்கு வேலை தொடங்குவது இலையுதிர் காலத்தில், ஏப்ரல் மே வாக்கில். நாற்று நட்டு, ஜூன் ஜூலை உறைபனியில் காப்பாற்றி, திருவிழாச் சமயத்தில் சரியாகப் பூக்கிற மாதிரிக் கணக்குப் பண்ணுகிறார்கள். ஒரு வாரம் முன்னால் சூடு ஏறினால் கணக்கு தப்பிவிடும். எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்மண் இவர்களுக்குக் கைகொடுக்கிறது, அதே செம்மண் உங்கள் வெள்ளைச் செருப்பை ஒரு கை பார்த்துவிடும்.

பெரும்பாலும் வீட்டுக்காரரே தோட்டத்தில் நிற்பார். சும்மா "நைஸ்" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள், என்ன உரம் போட்டீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாத என் அம்மாவும் ஒரு பாட்டியும் ரோஜாவை எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுவது என்று கால்மணி நேரம் சைகையிலேயே வாதாடினார்கள். நான் மொழிபெயர்க்கப் போனேன், இரண்டு பேருமே என்னைக் கண்டுகொள்ளவில்லை.

6. மதியம்

பிக்னிக் பாயின்ட் போங்கள். ஊரின் கிழக்கு ஓரம் மலை அப்படியே சரிந்து இறங்குகிற இடம். கீழே லாக்கியர் பள்ளத்தாக்கும், உச்சியைச் சீவி எடுத்தது போன்ற டேபிள்டாப் மலையும் தெரியும். உட்காரப் புல்வெளி இருக்கிறது, புளியோதரைப் பொட்டலத்தை இங்கே பிரியுங்கள்.

கால் வலிக்காதவர்கள் அடுத்து தெற்கே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஜப்பானியத் தோட்டத்துக்குப் போகலாம். பெயர் ஜு ராகு என், 1989-ல் திறந்தது. வடிவமைத்தவர் கியோட்டோவைச் சேர்ந்த கின்சாகு நகானே, ஜப்பானில் புகழ்பெற்ற அடாச்சி அருங்காட்சியகத் தோட்டத்தை அமைத்தவரும் இவர்தான். காலையிலிருந்து நிறத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணுக்கு ஏரி, பாறை, பச்சை. கட்டணம் இல்லை.

7. ஊர்வலம் பார்க்க வேண்டுமென்றால்

சரி, அதற்கும் வழி இருக்கிறது. வழக்கமாக அது செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, அந்த ஆண்டுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூ வைத்து அலங்கரித்த ஊர்திகள், இசைக்குழுக்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வரும். தெருக்களை மூடிவிடுவார்கள். அதனால் மைய நகருக்கு வெளியே எங்காவது வண்டியை விட்டுவிட்டு நடந்து வாருங்கள், மடக்கு நாற்காலியோடு இரண்டு மணி நேரம் முன்னாடியே ஓரத்தில் இடம் பிடியுங்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்து, அதற்கு முதுகு காட்டி உட்காருங்கள். அன்றைக்கு வேறு எதையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள், முடிந்ததும் வேண்டுமானால் ஒரு பூங்கா.

8. திரும்புகையில்

இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுவது நல்லது, சில நாள் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற வண்டியே தெரியாது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். கீழே லாக்கியர் பள்ளத்தாக்கு முழுக்கக் காய்கறி விளைகிற பூமி, சாலையோரத்தில் கடை கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். அன்றைக்கு நாங்கள் வாங்கிய பூசணிக்காய் பத்து நாள் சாம்பாருக்கு வந்தது.