நெடுந்தூரச் சுடுதல் கிளப்: புதியவர்களை விரட்டிவிடும் தவறுகள்

எங்கள் பகுதியில் சில எஃப்-கிளாஸ் கிளப்புகளின் பொறுப்பு அண்மையில் இளையவர்கள் கைக்கு வந்திருக்கிறது. நன்றாகச் சுடுபவர்கள், உழைக்கத் தயங்காதவர்கள். ஆனால் உறுப்பினர் சேர்க்கும் விஷயத்தில், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை ஒன்றுவிடாமல் திரும்பச் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தொலைபேசியை எடுக்காமல் இருப்பது, போட்டித் தேதியை அறிவிக்க மறப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். இந்தியாவில் துப்பாக்கி சுடுதல் என்றதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் வரை சுடும் போட்டிகளுக்கு நீண்ட மரபு உண்டு. எஃப்-கிளாஸ் அதில் ஒரு பிரிவு. தரையில் குப்புறப் படுத்து, ரைஃபிளை பைபாட் என்ற இருகால் தாங்கியிலோ வேறு தாங்கியிலோ நிறுத்தி, ஸ்கோப் வழியே குறிபார்த்துச் சுட வேண்டும். 1000 கெஜத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 10 அங்குலம், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 20 குண்டுகள்.

முதல் நாளே 1000 கெஜத்தில் படுக்க வைப்பது

கிளப்புகளுக்கு மிக அதிக இழப்பை உண்டாக்கும் தவறு இதுதான். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

இதன் வேர் பெருமையில் இருக்கிறது. நாடுகள் மோதும் நெடுந்தூரப் பால்மா போட்டி 1876-இல் நியூயார்க் அருகே கிரீட்மோர் சுடுதளத்தில் தொடங்கியது. இன்றும் அது 800, 900, 1000 கெஜங்களில்தான் நடக்கிறது. அதனால் 1000 கெஜம்தான் உண்மையான சுடுதல் என்றும், மற்றவை ஒத்திகை என்றும் எண்ணும் பழக்கம் எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. புதிதாக ஒருவர் கேட்டால், "அடுத்த ஞாயிறு 1000 கெஜம் மேட்ச் இருக்கிறது, வாருங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அழைத்தவருக்கு நல்ல மனசுதான். வருபவருக்குத்தான் அது வினையாகிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இளைஞர், மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார். கடையில் வாங்கிய, .308 என்ற அளவுத் தோட்டா போடும் ரைஃபிள், மேலே ஓரளவு நல்ல ஸ்கோப், 168 கிரெய்ன் எடையுள்ள குண்டு போட்ட தோட்டாக்கள். 100 கெஜத்தில் ஜீரோ செய்திருந்தார், அதாவது குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்திருந்தார், அழகாகவே செய்திருந்தார். அந்த ஜீரோவிலிருந்து 1000 கெஜத்துக்குப் போக ஸ்கோப்பை ஏறக்குறைய 35 முதல் 40 எம்ஓஏ வரை ஏற்ற வேண்டும். எம்ஓஏ ஒரு கோண அளவு. ஒரு எம்ஓஏ என்பது 100 கெஜத்தில் சுமார் ஓர் அங்குலம், 1000 கெஜத்தில் சுமார் 10 அங்குலம். சரிவில்லாத சாதாரண மவுண்ட்டில் பொருத்திய ஸ்கோப்பில் அவ்வளவு ஏற்றம் மிச்சமிருப்பது அரிது. அதற்காகத்தான் 20 எம்ஓஏ சரிவுள்ள ரெயில் விற்கிறார்கள். இதை அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குமிழைத் திருகிக்கொண்டே போனார், பாதி வழியில் அது முட்டி நின்றுவிட்டது.

குண்டிலும் சிக்கல் இருந்தது. 168 கிரெய்ன் மேட்ச் குண்டு 600 கெஜம் வரை அருமையானது. .308-இலிருந்து புறப்பட்டு 1000 கெஜத்தை நெருங்கும்போது அதன் வேகம் ஒலியின் வேகத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் அது தள்ளாடத் தொடங்கும், சில நேரம் பக்கவாட்டில் புரண்டபடி போய் விழும். மின்னணு இலக்கு வைத்திருக்கும் கிளப் என்றால் இன்னும் மோசம். ஒலியை மிஞ்சிப் பறக்கும் குண்டின் அதிர்வலையை மைக்குகள் பிடித்துத்தான் அந்த இலக்கு இடத்தைக் கணக்கிடுகிறது. வேகம் ஒலிக்குக் கீழே போய்விட்டால், குண்டு நடுவிலேயே பட்டாலும் திரையில் ஒன்றும் வராது.

முதல் குண்டு போனது. இலக்குக்குக் கீழே ஆட்கள் நிற்கும் பிட்டிலிருந்து ரேடியோவில் பதில்: ஒன்றும் படவில்லை. இரண்டாவது, மூன்றாவது, அதே பதில். குண்டு விழும் இடத்தைப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்போடு பின்னால் நின்றிருந்தவர்களுக்கு மண் தெறிப்பது இலக்குக்குக் கீழே என்பது தெரிந்திருந்தது. ஒருவர் சொல்ல வாயெடுத்தார். உடனே பொறுப்பாளர், தனிநபர் மேட்ச்சில் பயிற்சியாளர் உதவி விதிப்படி கூடாது என்று தடுத்துவிட்டார். விதி அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த விதி பரிசுக்குப் போட்டியிடுபவர்களுக்காக எழுதப்பட்டது. இலக்கில் ஒரு குண்டுகூடப் படாதவர் யாருடைய பரிசைப் பறித்துவிடப் போகிறார்? நேரம் முடிந்தது. ஸ்கோர் அட்டையில் பூஜ்ஜியங்கள். அவர் ரைஃபிளை உறையில் வைத்து மூடியபோது பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் காற்றுக் கணிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்ப வரவே இல்லை.

அவருக்கு இந்த விளையாட்டு பிடிக்காமல் போகவில்லை. அதை அவர் அன்றைக்கு ஆடவே இல்லை. கட்டணம், பெட்ரோல், தோட்டா, ஒரு ஞாயிறு எல்லாம் செலவழித்தும் தன் குண்டு எங்கே போனது என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்குப் போனார். தன்னிடம் திறமை இல்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். அதுதான் எனக்கு ஆறவில்லை. குறை அவருடையதே அல்ல.

செய்ய வேண்டியது கடினமும் இல்லை. முதல் நாள் 300 கெஜம். அங்கே .308-க்கு 100 கெஜ ஜீரோவிலிருந்து 5 எம்ஓஏ அளவு ஏற்றினால் போதும், எந்த ஸ்கோப்பும் தாங்கும். மணிக்கு 1 மைல் குறுக்குக் காற்றைத் தவறவிட்டாலும் குண்டு ஓர் அங்குலம்கூட நகராது. அதே பிழை 1000 கெஜத்தில் சுமார் 10 அங்குலம் தள்ளிவிடும், நடுவில் விழ வேண்டியது பத்து வளையத்துக்கு வெளியே போய்விடும். 300-இல் குழுவாக விழும் துளைகளைப் பார்த்தவர் 600-க்கு வரட்டும். 600-இல் காற்றுக் கொடியையும் சூட்டில் நெளியும் கானலையும் கொஞ்சம் படிக்கக் கற்றபின் 1000.

300 கெஜ வசதி இல்லாத கிளப் என்றால், 1000-இலேயே தொடங்கட்டும், ஆனால் கிளப்பின் ரைஃபிளில். ஏற்றம் ஏற்கெனவே தெரிந்த ரைஃபிள், சோதித்த தோட்டா, பக்கத்தில் காற்றைச் சொல்ல ஒருவர். அவருடைய ஸ்கோரைப் போட்டிக் கணக்கில் சேர்க்காதீர்கள், விதியும் மீறப்படாது. காற்றை நீங்கள் சொல்லி, அவர் விசையை மட்டும் அழுத்தினாலும், குண்டு பட்ட இடத்தைக் காட்டும் வெள்ளை வட்டு நடுவில் ஏறி வருவதை அவர் ஸ்கோப்பில் பார்க்கட்டும்.

பிஸ்லி முறையில், பக்கத்தில் ஆள் இல்லாத இந்தத் தனிமை ஓரளவு இயல்பாகவே குறைகிறது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், 1890 முதல் பிரிட்டிஷ் தேசியப் போட்டிகள் நடக்கும் இடம் பிஸ்லி. அங்கே ஒரே இலக்கில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சுடுவார்கள், ஒருவர் ஸ்கோரை மற்றவர் எழுதுவார். பக்கத்தில் ஒரு மனிதர் கட்டாயம் இருப்பார். அமெரிக்காவில் ஒருவரே தொடர்ந்து எல்லாக் குண்டுகளையும் சுட்டு முடிக்கும் முறை அதிகம், ஆகவே பக்கத்து ஆளை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

6.5 கிரீட்மோருடன் வருபவரை எஃப்-ஓப்பனில் தள்ளுவது

எஃப்-கிளாஸில் இரண்டு பிரிவுகள். எஃப்-டிஆரில் .223 ரெமிங்டன் அல்லது .308 வின்செஸ்டர் மட்டும். பைபாட், ஸ்கோப் உட்பட 8.25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மற்ற தோட்டாக்கள் எல்லாம் எஃப்-ஓப்பனுக்குப் போகும். அங்கே 10 கிலோ வரை எடை, முன்பக்கம் கனமான தாங்கி.

இன்று ஆர்வத்தோடு வரும் இளையவர்களில் பலரிடம் இருப்பது 6.5 கிரீட்மோர். ஹார்னடி 2007-இல் கொண்டுவந்த இந்தத் தோட்டா இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. நல்ல தோட்டா, 1000 கெஜத்துக்கு .308-ஐ விடச் சௌகரியமானது. ஆனால் விதிப்படி அது எஃப்-டிஆரில் நுழையாது. ஆக, கடை ரைஃபிளும் மெல்லிய பைபாடும் வைத்திருக்கும் புதியவர், தனியாகச் செய்வித்த 10 கிலோ ரைஃபிள்களோடு ஒரே பட்டியலில் கடைசி இடத்தில் நிற்கிறார். அடுத்த மாதமும் கடைசி இடம்தான். எத்தனை மாதம் வருவார்?

கடை ரைஃபிளுக்கென்று கிளப் அளவில் தனிப் பட்டியல் வையுங்கள். தேசியப் பதிவுக்கு அது போக வேண்டியதில்லை, மூன்று பேர் இருந்தாலும் போதும். யாரோடு ஒப்பிடப்படுகிறோம் என்பது நியாயமாக இருந்தால் தோற்றவரும் திரும்பி வருவார்.

என்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் கொடுப்பது

வாங்கச் சொல்லாதீர்கள். இரவல் கொடுங்கள்.

பிட்டுக்குள் அனுப்பிவிட்டு மறந்துவிடுவது

கைமுறை இலக்கு உள்ள கிளப்பில் புதியவர் ஏறக்குறைய பாதி நாளைக் கழிக்கும் இடம், இலக்குகளை ஏற்றி இறக்கும் பிட். தலைக்கு மேலே குண்டு கிழித்துப் போகும் ஓசை, பின்னால் மண்மேட்டில் தெறிப்பு. ஒவ்வொரு குண்டுக்கும் இலக்குச் சட்டத்தை இறக்கி, பழைய துளையை ஒட்டி, புதிய துளையில் வட்டைச் செருகி, ஸ்கோர் காட்டி மீண்டும் ஏற்ற வேண்டும். பழகியவர் சில நொடிகளில் முடித்துவிடுவார். பழகாதவர் துளையைத் தேடிக்கொண்டிருப்பார், மேலே படுத்திருப்பவர் காற்று மாறுவதைப் பார்த்துப் பொறுமை இழந்து ரேடியோவில் குரல் உயர்த்துவார். முதல் நாளில் முகம் தெரியாத ஒருவரிடம் திட்டு வாங்கியவருக்கு அந்த நாளின் வேறெதுவும் நினைவில் நிற்காது.

புதியவரைத் தனி இலக்கில் நிறுத்தக் கூடாது, அனுபவசாலி ஒருவரோடு சேர்த்து நிறுத்த வேண்டும். அதை நன்றாகச் செய்தால் பிட்டைப் போலக் கற்றுக்கொள்ளும் இடம் வேறில்லை. காற்று எழும்பினால் இலக்கின் துளைகள் எப்படி ஒரு பக்கம் ஒதுங்குகின்றன, நல்ல சுடுபவரின் துளைகள் எவ்வளவு தட்டையாக ஒரே உயரத்தில் விழுகின்றன என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

மின்னணு இலக்கு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது

ஆகாது. பிட் வேலை போய்விடும், நாள் பாதியாகக் குறையும், வயதானவர்களுக்கு உடல் சிரமம் இல்லை. எல்லாம் உண்மை, நானே அதற்கு ஆதரவாக வாக்களித்தவன். ஆனால் தன் ரிலே, அதாவது தன் முறைக்கான சுற்று, முடிந்ததும் காரில் ஏறிப் போய்விடும் பழக்கமும் கூடவே வந்தது. பிட்டில் சேர்ந்து வேலை செய்தபோது தானாக உண்டான நட்பு இப்போது உண்டாவதில்லை. மதியச் சாப்பாட்டைக் கிளப்பே ஏற்பாடு செய்து, ரிலேக்களுக்கு நடுவில் வையுங்கள், கடைசியில் வைக்காதீர்கள்.

பிஆர்எஸ் ஆட்களை ஏளனம் செய்வது

பிஆர்எஸ் என்பது பிரிசிஷன் ரைஃபிள் சீரீஸ், தடைகள் மேலேறி, நேரக் கெடுவுக்குள் சுடும் போட்டி. இளையவர்கள் அங்கேதான் போகிறார்கள். அவர்களிடம் ஏற்கெனவே நல்ல ரைஃபிளும் பாதுகாப்புப் பழக்கமும் இருக்கின்றன. நாம் வரவேற்க வேண்டிய முதல் ஆட்கள் அவர்கள்தான்.

முடிவுகளைத் தாமதமாக வெளியிடுவது

அன்று இரவே. மறுநாள்கூட வேண்டாம்.

இரண்டாம் ஆண்டை மறப்பது

சேர்ப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை, முதல் சில மாதங்களைத் தாண்டியவர் பெரும்பாலும் விலகுவது இரண்டாம் ஆண்டில். முதலாண்டில் ஸ்கோர் வேகமாக ஏறும். பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும், அதற்குமேல் ஏற வேண்டுமானால் தோட்டாவைத் தானே தயாரிக்கும் ரீலோடிங்கும் காற்றுக் கணிப்பும் தேவை. இரண்டையும் தனியாகக் கற்பது களைப்பூட்டும் வேலை. அந்த நேரத்தில் அவரைத் தன் ரீலோடிங் மேசைக்கு அழைக்கும் ஒருவர் கிளப்பில் இருந்தால் அவர் தங்குவார். குழுப் போட்டியில் ஓர் இடம் கொடுத்தால் உறுதியாகத் தங்குவார். குழுப் போட்டியில் காற்றைச் சொல்லப் பயிற்சியாளர் இருப்பார், அவர் சொல்வதைக் கேட்டுச் சுடும்போது ஒரே நாளில் கற்பது ஏராளம்.

வயதானவர்களைக் கைவிடுவது

எஃப்-கிளாஸே இப்படிப்பட்டவர்களுக்காகப் பிறந்தது. கண் மங்கியதால் ஸ்கோப் இல்லாத இரும்புக் குறியைப் பார்க்க முடியாமலும், தோளும் முழங்கையும் ரைஃபிளைக் கையோடு பிணைக்கும் ஸ்லிங் வாரின் இறுக்கத்தைத் தாங்காமலும் விலகிக்கொண்டிருந்த சுடுபவர்களுக்காக, கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவார்சன் ஸ்கோப்பும் தாங்கியும் அனுமதிக்கும் முறையை முன்வைத்தார். எஃப் என்பது அவர் பெயரின் முதலெழுத்து. அது சலுகைப் பிரிவாக நின்றுவிடவில்லை. வளையங்களின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டு, தனிக் கடினம் கொண்ட போட்டியாக வளர்ந்தது. 2002-இல் ஒட்டாவாவில் உலகப் போட்டியே நடந்தது.

அதே எஃப்-கிளாஸ் கிளப்புகளில் இன்று, தரையில் படுத்து எழ முடியாதவர் உறுப்பினர் கட்டணத்தைப் புதுப்பிக்காமல் மெல்ல மறைந்துபோகிறார். யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. சுடுதளம் இடம் கொடுத்தால் மேசையிலிருந்து சுட அனுமதியுங்கள், ஸ்கோரைத் தனியே எழுதுங்கள். அதுவும் முடியாதவருக்கு ஒரு நாற்காலியும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் போதும். கானல் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கொடியை நம்பலாம், மரவரிசைக்குப் பின்னால் காற்று எப்படித் திரும்புகிறது என்பதை முப்பது வருடமாக அந்தத் தளத்தில் பார்த்தவர் அவர். முதல் நாள் 300 கெஜத்தில் படுக்கும் புதியவருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று தேடுகிறீர்கள் அல்லவா, அவரைக் கூப்பிடுங்கள்.