உங்கள் லேசர் ஸ்கேனர் சரியாக அளக்கிறதா? இரண்டு உருண்டைகளை வைத்து ஒரு சோதனை

மணலியில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு ஃப்ளேஞ்சுகளுக்கு (குழாய் முனையில் போல்ட் போட்டு இணைக்கும் தட்டுகள்) நடுவே போட வேண்டிய பைப் ஸ்பூலுக்கு, அதாவது அளவுக்கு வெட்டிச் செய்த குழாய்த் துண்டுக்கு, ஸ்கேன் செய்து அளவு கொடுத்தோம். ஸ்பூல் வந்தது, உள்ளே நுழையவில்லை. 6 மி.மீ. நீளம் அதிகம். ஃபிட்டர் டேப் பிடித்துப் பார்த்தார். நாங்கள் கொடுத்த அளவுக்கு அப்படியே வெட்டியிருந்தார்கள். கருவியின் டேட்டா ஷீட்டில் துல்லியம் 2 மி.மீ. என்று போட்டிருந்தது. அதன்பின் எந்த வேலைக்கும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் ஸ்கேனரை எடுத்துப் போவதில்லை.

ஸ்கேனர் லேசரால் தூரத்தை அளந்து, பட்ட இடத்தையெல்லாம் புள்ளிகளாகப் பதியும். சுவரை ஸ்கேன் செய்து, அந்தப் புள்ளிகள் தட்டையாக வந்தால் கருவி சரி என்று பலரும் நினைக்கிறார்கள். அது இரைச்சல், அதாவது புள்ளிகள் முன்பின்னாகச் சிதறுவது, எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக 3 மி.மீ. தள்ளிப்போனாலும் சுவர் தட்டையாகவே தெரியும்.

முதலில் இடம். கான்கிரீட் தரை வேண்டும். எண்ணூர் விரைவுச்சாலை ஓரமாக வேண்டாம். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் தரை அதிரும். தார் ரோடும் வேண்டாம், வெயிலில் இளகி ட்ரைபாட் கால் இறங்கும். நான் ராயபுரத்தில் ஒரு பழைய குடோனில் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுவேன். ஏசி அறையில் இருந்த ஸ்கேனரை வெளியே எடுத்தவுடன் கடல்காற்றில் கண்ணாடியில் ஈரம் படியும். அரை மணி நேரம் ஓடவிட்டு, ஈரம் போனபின் தொடங்குங்கள்.

அடுத்து, 145 மி.மீ. விட்டமுள்ள இரண்டு வெள்ளை உருண்டைகளைச் சுமார் 20 மீட்டர் இடைவெளியில் தனித்தனி ட்ரைபாடில் வையுங்கள். ஷெட்டின் இரும்பு பீமில் காந்தத்தால் ஒட்ட வேண்டாம். 20 மீட்டர் இரும்பு 10 டிகிரி சூடேறினால் 2 மி.மீ.க்கு மேல் நீளும். அதே 10 டிகிரியில் காற்றால் லேசர் தூரத்தில் வரும் மாற்றம் 0.2 மி.மீ. அளவுதான், அதை இங்கே விட்டுவிடலாம்.

இப்போது முக்கியமான கட்டம். ஸ்கேனரை இரண்டு உருண்டைகளுக்கும் நடுவில், அதே கோட்டில் வைத்து ஒரு ஸ்கேன். அப்புறம் அதே கோட்டில் ஓர் உருண்டைக்கு வெளியே ஐந்து மீட்டர் தள்ளி வைத்து இன்னொரு ஸ்கேன். உருண்டைகளைத் தொடக்கூடாது.

ஸ்கேனர் நடுவில் நிற்கும்போது இடைவெளிக்காக இரண்டு உருண்டைகளின் தூரங்களையும் கூட்டுகிறோம். கருவி ஒவ்வொரு தூரத்தையும் 3 மி.மீ. கூட்டிச் சொன்னால் இடைவெளியில் 6 மி.மீ. ஏறும். வெளியே நின்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறோம், பிழை அடிபட்டுப் போகும். எங்களுக்கு நடுவிலிருந்து 20.006 மீட்டர், வெளியிலிருந்து 20.000. வித்தியாசத்தில் பாதி, 3 மி.மீ., கருவியின் நிலையான பிழை. ஃப்ளேஞ்சுகளையும் அன்று நடுவில் நின்றுதான் ஸ்கேன் செய்திருந்தோம். சரியான நீளம் தெரிந்த ஸ்கேல் எதுவும் இதற்குத் தேவையில்லை.

வெளி ஸ்கேனில் நான் இரண்டு நாள் தடுமாறினேன். முன் உருண்டை பின் உருண்டையைப் பாதி மறைத்தது. விளிம்பில் பாதி முன்னும் பாதி பின்னும் பட்ட புள்ளிகள் மையத்தை இழுத்தன. ஸ்கேனரை ஒரு முழம் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும், கணக்கு மாறாது. விளிம்புப் புள்ளிகளை வெட்டிவிட்டு கிளவுட்கம்பேர் என்ற மென்பொருளில் ஸ்பியர் ஃபிட் செய்யுங்கள், அதாவது புள்ளிகளுக்குப் பொருந்தும் உருண்டையைக் கண்டு அதன் மையத்தை எடுங்கள். இலவசம், இந்த வேலைக்கு நான் வேறெதையும் தொடுவதில்லை. ஆரம் 72.5 மி.மீ.க்கு அருகில் வராவிட்டால் அந்த மையத்தை நம்பாதீர்கள். இரண்டு ஸ்கேன்களையும் ரெஜிஸ்டர் செய்யாமல் (ஒன்றோடொன்று பொருத்திச் சேர்க்காமல்) தனித்தனியாக அளங்கள். சேர்த்தால் பிழை பரவி மறைந்துவிடும்.

இது தூரப் பிழையை மட்டுமே பிடிக்கும். கோணம் 10 விநாடி (ஒரு டிகிரியில் 3600 விநாடி) பிசகினால் 50 மீட்டரில் 2.4 மி.மீ. தள்ளும். முழுச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 17123-9 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது, 2018-இல் வந்தது: நான்கு டார்கெட் (அளவுக் குறிகள்), ஸ்கேனருக்கு இரண்டு நிலை, ஆறு இடைவெளிகளை ஒப்பிட வேண்டும்.

பின்சேர்க்கை: உருண்டை விலை அதிகம் என்று தெர்மாகோல் பந்தில் செய்து பார்த்த ஒரு நண்பருக்கு ஆரம் ஒவ்வொரு முறையும் சிறிதாக வந்தது. லேசர் தெர்மாகோலுக்குள் கொஞ்சம் புகுந்துதான் திரும்புகிறது. கெட்டியான பிளாஸ்டிக் பந்துக்கு மேட் வெள்ளை பெயின்ட் அடித்ததும் சரியாகிவிட்டது.