தலைக்கென்றே ஒரு ஃபெல்ட் தொப்பி: புதிதாகப் பழகுபவர்களுக்கு

இரண்டு பேருக்குத் தலைச் சுற்றளவு 58 செ.மீ. என்றாலும் ஒரே தொப்பி இருவருக்கும் பொருந்திவிடாது. ஒருவர் தலை முன்பின்னாக நீண்டிருக்கும், இன்னொருவருடையது உருண்டையாக இருக்கும். நீண்ட தலையில் உருண்டைத் தொப்பியை வைத்தால் நெற்றியில் அழுத்தும், பக்கங்களில் இடைவெளி விழும்.

அதனால் அளவெடுப்பதில் அவசரம் வேண்டாம். நடு நெற்றியிலிருந்து காதுகளுக்குச் சற்று மேலாக டேப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அப்புறம், வளைத்தால் அப்படியே நிற்கும் கம்பியை அதே கோட்டில் தலையோடு ஒட்டி வளைத்து, கழற்றிக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். தலையின் வடிவத்தைச் சிறு காகிதத்தில் ஊசிகளால் குத்திக் காட்டும் கான்ஃபர்மேட்டர் என்ற கருவி 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிசில் வந்துவிட்டது.

ரோமத்தையோ கம்பளியையோ நெய்யாமல் அழுத்திப் பிணைத்த துணிதான் ஃபெல்ட். அதில் முயல், பீவர் (நீர்நிலைகளில் வாழும் கொறிக்கும் விலங்கு) ரோமத்தில் செய்தது உசத்தி. பழகுவதற்குக் கம்பளி ஃபெல்ட்டே போதும். முன்பெல்லாம் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச நைட்ரேட் பூசினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்தே எத்தனையோ தொழிலாளர்களுக்குக் கைநடுக்கம் வந்தது. அமெரிக்காவில் 1941-இல்தான் அதற்கு முடிவு கட்டினார்கள். ஒரு தொப்பிக்காக யாரும் அந்த விலையைக் கொடுத்திருக்கக் கூடாது.

இனி அச்சில் ஏற்றுவது. வரைந்த வடிவத்துக்குப் பொருந்தும் மர அச்சை எடுத்து பாலிதீன் தாளால் மூடுங்கள். கூம்பாக இருக்கும் ஃபெல்ட்டைக் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் உள்ளும் புறமும் காட்டுங்கள். ஈரத்துணிபோலத் தொய்ந்ததும் அச்சின் மேல் போட்டு, இரு கைகளாலும் எதிரெதிர்ப் பக்கங்களைப் பிடித்துக் கீழே இழுங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் அந்த இடம் மெலிந்துவிடும். ஆறினால் விறைக்கும், மறுபடி ஆவி காட்டுங்கள். சுருக்கமில்லாமல் படிந்ததும் விளிம்பு தொடங்கும் இடத்தில் பருத்திக் கயிற்றை இறுகக் கட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போது கழற்றினால் சுருங்கிவிடும்.

காய்ந்ததும் மேற்பரப்பை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். விளிம்பின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்து, கயிற்றுத் தடத்திலிருந்து 6 செ.மீ. அளந்து வெட்டுங்கள்.

கடைசியாக உட்பக்கத் தோல் பட்டை. அதன் இணைப்பு பின்பக்கம் வரும்படி வைத்து, தையல் கயிற்றுத் தடத்திலேயே ஓடும்படி தைத்துவிடுங்கள். வெளியே தெரியும் தையலை ரிப்பன் மறைத்துவிடும். ஆண்கள் தொப்பி என்றால் ரிப்பன் முடிச்சு இடப்பக்கம் வரட்டும்.